பின்தளம் தேடிப் போன புரட்சி: நக்சல்பாரியிலிருந்து தண்டகாரண்யம் வரை

கேள்வி இதுதான்: 1967இல் வங்காளத்தின் வடகோடியில், நக்சல்பாரியில், சில மாதங்களே நீடித்து அடங்கிய ஒரு விவசாயிகள் கலகம், அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இன்றைய சத்தீஸ்கரின் தெற்கே, தண்டகாரண்யம் எனப்படும் வனப்பரப்பில் இருக்கும் பஸ்தர் காடுகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயுதப் போராக நிலைத்தது எப்படி? அதற்குக் காரணம் மாவோவின் சிந்தனையா, பழங்குடி மக்களின் வறுமையா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் விடை பிழையாகத்தான் வரும். பஸ்தரின் கோண்டு, கோயா கிராமங்களில் மாவோவின் நூல்களைப் படித்து யாரும் இயக்கத்தில் சேரவில்லை. இந்தியாவில் வறுமை மிகுந்த பகுதிகள் பல இருக்க, ஆயுதக் குழுக்கள் எல்லா இடங்களிலும் வேரூன்றிவிடவும் இல்லை. எங்கே போக வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைக் கோட்பாடு சொன்னது. போன இடத்தில் எதைப் பேசினால் மக்கள் வருவார்கள் என்பதை அந்த இடம் சொன்னது. இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமலே நெடுங்காலம் உடன் வாழ்ந்தன என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கோட்பாட்டிலிருந்து தொடங்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளியே புரட்சியின் முதன்மைச் சக்தி என்பது ஐரோப்பிய மார்க்சியத்தின் எதிர்பார்ப்பு. 1927இல் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்ட பிறகு, சீனக் கட்சியில் எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் ஜிங்காங் மலைக்குப் பின்வாங்கினர். அங்கிருந்து மாவோ மெல்ல உருவாக்கிய பாதையில் ஏழை விவசாயியே முதன்மைச் சக்தி. சீனா ஓர் அரை நிலப்பிரபுத்துவ, அரைக் காலனிய நாடு. ஆகவே வரவிருப்பது சோசலிசப் புரட்சி அன்று, அதற்கு முந்திய புதிய ஜனநாயகப் புரட்சி. அதை அடையும் வழி, அரசின் கை எட்டாத இடங்களில் தளப்பிரதேசங்களை அமைத்து, கிராமங்களால் நகரங்களைச் சுற்றிவளைக்கும் நீண்டகால மக்கள் யுத்தம். இந்தியாவில் மாவோவைப் பின்பற்றியவர்கள் பலரும் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. வெள்ளை ஆட்சி, அதாவது கம்யூனிச எதிர்ப்பாளரின் ஆட்சி, சூழ்ந்திருக்கும்போது சீனாவில் மட்டும் சிறு சிறு சிவப்புப் பகுதிகள் எப்படி உயிரோடு இருக்க முடிகிறது என்ற வினாவை 1928இல் மாவோவே எழுப்பி விடையும் எழுதியிருக்கிறார். யுத்தப் பிரபுக்கள் ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருப்பதும், நாடு முழுவதையும் இணைக்கும் ஒற்றைப் பொருளாதாரம் இல்லாததும் அவர் முதலில் சொன்ன காரணங்கள். ஒரே ராணுவமும், நாடெங்கும் ஓடும் ரயிலும், ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலும் உள்ள நாட்டில் அந்தக் காரணங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தொடக்கத்திலிருந்தே எழுந்திருக்க வேண்டிய கேள்வி.

உண்மையில் அக்கேள்வி எழுந்தது. நக்சல்பாரிக்கு மிக முன்பே எழுந்தது. 1946இல் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தெலங்கானாவில், நிலப்பிரபுக்களான தொரைகளுக்கும் வெட்டி எனப்பட்ட கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கும் எதிராகக் கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகள் எழுந்தனர். நல்கொண்டா, வாரங்கல், கம்மம் பகுதிகளில் ஏறத்தாழ மூவாயிரம் கிராமங்களில் அவர்களின் கை ஓங்கியது. பத்து லட்சம் ஏக்கர் நிலம் பங்கிடப்பட்டதாகக் கட்சி கணக்குச் சொன்னது. இந்தப் பட்டறிவை வைத்து ஆந்திரக் கமிட்டி 1948இல் கட்சியின் மத்தியத் தலைமைக்கு ஓர் ஆவணம் அனுப்பியது. இந்தியப் புரட்சி ரஷ்யப் பாதையில் அன்றி, மாவோ காட்டிய சீனப் பாதையில்தான் செல்லும் என்பது அதன் சாரம். சீனப் புரட்சி வெற்றி பெறுவதற்கு முன்பே, சீனாவுக்கு வெளியே மாவோவை வழிகாட்டியாக ஏற்ற மிகத் தொடக்ககாலக் குரல்களில் அதுவும் ஒன்று. அப்போதைய பொதுச் செயலாளர் பி.டி. ரணதிவே அதை ஏற்கவில்லை. ஏற்காததோடு மாவோவையே கடுமையாக விமர்சித்து எழுதினார்.

ரணதிவே பதவி இழந்த பின், 1951இன் தொடக்கத்தில் இந்தியக் கட்சியின் தலைவர்கள் நால்வர் மாஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்தனர். அந்தப் பேச்சையொட்டிக் கட்சி வகுத்த கொள்கையில் இரண்டு வாதங்கள் மேலோங்கி நின்றன. சீனச் செம்படை மஞ்சூரியாவை அடைந்தபோது சோவியத் எல்லையே அதற்குப் பின்தளமாக, அதாவது நெருக்கடியில் பின்வாங்கி ஒதுங்கும் இடமாக, அமைந்தது. இந்தியக் கெரில்லாக்களுக்கு அப்படி ஒரு பின்தளம் இல்லை. சீனாவைவிட இந்தியாவில் போக்குவரத்து வளர்ந்திருப்பதால் அவர்களை விரைவில் சுற்றிவளைக்கவும் முடியும். அதே ஆண்டு அக்டோபரில் தெலங்கானாப் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. பின்தளம் என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து இதைத் தேடித்தான் சிலர் கோதாவரியைக் கடந்தார்கள்.

சோவியத் யூனியனும் சீனாவும் பிரிந்ததும், 1962இன் எல்லைப் போரும், 1964இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்ததும் பலரும் அறிந்தவை. உடைப்பில் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சிக்குள் ஒரு பிரிவினர், புதிய கட்சியும் தேர்தலை நோக்கியே நகர்கிறது என்று கருதினர். டார்ஜிலிங் மாவட்டத்தின் சிலிகுரியில் இருந்த சாரு மஜும்தார் 1965க்கும் 1967க்கும் இடையில் எழுதிய எட்டு ஆவணங்கள் அந்த மனநிலையின் வடிவம். திருத்தல்வாதத்தை, அதாவது புரட்சியைக் கைவிட்டுத் தேர்தலோடும் சீர்திருத்தத்தோடும் சமரசம் செய்வதை, எதிர்ப்பது, உடனடியாக ஆயுதப் போராட்டத்தைத் தொடங்குவது, அரசு அதிகாரத்தைப் பகுதி பகுதியாகக் கைப்பற்றுவது என்பவை அவற்றின் அடிநாதம். வளர்ந்த நாடுகள் உலகின் நகரங்கள், ஏழை நாடுகள் உலகின் கிராமங்கள் என்று சீனத் தலைவர்களில் ஒருவரான லின் பியாவ் 1965இல் எழுதியது அந்த மனநிலைக்குக் கூடுதல் வேகம் தந்தது.

1967 மார்ச்சில் வங்காளத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் அதில் பங்கு பெற்றிருந்தது. நக்சல்பாரி, கரிபாரி, பான்சிதேவா ஆகிய மூன்று பகுதிகளிலும் உள்ளூர்த் தலைவர்களான கானு சன்யாலும் ஜங்கல் சந்தாலும் ஏற்கெனவே குத்தகை விவசாயிகளையும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரையும் திரட்டி வைத்திருந்தனர். ஜோத்தேதார்கள் எனப்பட்ட நிலவுடைமையாளரின் நிலமும் நெல்லும் கைப்பற்றப்பட்டன. மே 24 அன்று சோனம் வாங்டி என்ற காவல் ஆய்வாளர் அம்பெய்து கொல்லப்பட்டார். மறுநாள் பிரசாதுஜோத் கிராமத்தில் காவல்துறை சுட்டதில் 11 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜூன் இறுதியில் பெய்ஜிங் வானொலி இதைப் பாராட்டியது. ஜூலை 5 அன்று சீனக் கட்சியின் நாளேடு இந்தியாவின் மேல் வசந்தத்தின் இடிமுழக்கம் என்று தலையங்கம் தீட்டியது. ஆகஸ்டு முடிவதற்குள் கலகம் ஏறக்குறைய அடங்கிவிட்டது. ஆனால் அந்தச் சில வாரங்கள் போதுமானவையாக இருந்தன: கல்கத்தாவின் கல்லூரிகளிலும் ஆந்திரத்தின் மலைகளிலும் கேரளத்திலும் பீகாரிலும், சீனம் அங்கீகரித்த ஒரு பாதை இந்தியாவில் பிறந்துவிட்டது என்ற நம்பிக்கை பரவியது. நக்சல்பாரியில் நடந்தது சிறிது. அதைப் பற்றி எட்டிய செய்திதான் பெரிது.

1969 ஏப்ரல் 22 அன்று, லெனின் பிறந்து 99 ஆண்டுகள் நிறைந்த நாளில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) உருவானது. மே தினத்தன்று கல்கத்தா மைதானத்தில் கானு சன்யால் அதை அறிவித்தார். இங்கேதான் கோட்பாடு தன் முதல் பெரும் சறுக்கலைச் சந்தித்தது. விவசாய சங்கமும் தொழிற்சங்கமும் திருத்தல்வாதத்துக்கே இட்டுச் செல்லும் என்று சொல்லி வெகுஜன அமைப்புகளைச் சாரு மஜும்தார் ஒதுக்கினார். வர்க்க எதிரியை ரகசியமாக, கூடுமானவரை துப்பாக்கி இல்லாமல், அரிவாளாலும் ஈட்டியாலும் கொல்லும் அழித்தொழிப்பே கெரில்லாப் போரின் தொடக்கம் என்றார். மக்களைத் திரட்டுவதற்கு மாவோ அளித்த முக்கியத்துவத்தைக் கழித்துவிட்டு, போரை மட்டும் எடுத்துக்கொண்ட மாவோயிசம் அது. சீனத் தலைவரே எமது தலைவர் என்ற முழக்கம் கல்கத்தாச் சுவர்களில் எழுதப்பட்டது. வித்யாசாகர், காந்தி சிலைகள் உடைக்கப்பட்டன. 1970இல் ரகசியமாகப் பெய்ஜிங் சென்ற கட்சித் தலைவர் சௌரேன் போஸிடம் சீனத் தலைவர்கள் சூ என்லாயும் காங் ஷெங்கும் இந்த முழக்கத்தையும் அழித்தொழிப்பையும் வெகுஜன அமைப்புகளைக் கைவிட்டதையும் குறை கூறினர். அந்த விமர்சனம் அணிகளுக்கு உடனே போய்ச் சேரவில்லை. சிறையிலிருந்த தலைவர்கள் அறுவர் எழுதிய மடலின் வழியாகவே பின்னர் அது பரவலாகத் தெரிய வந்தது. அதற்குள் ராணுவத்தின் துணையோடு 1971இல் நடந்த நடவடிக்கையில் இயக்கம் சிதறிப்போயிருந்தது. 1972 ஜூலை 16 அன்று கைதான சாரு மஜும்தார், பன்னிரண்டே நாட்களில் காவலில் இறந்தார்.

அதே ஆண்டுகளில் வெளியே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மலைகளில் வெம்படாபு சத்தியநாராயணா, ஆதிபட்ல கைலாசம் என்ற இரண்டு பள்ளி ஆசிரியர்கள் பழங்குடியினரைக் கொண்டு கட்டிய இயக்கம், 1970 ஜூலையில் அவ்விருவரும் கொல்லப்பட்டதோடு சரிந்தது. கேரளத்தின் வயநாட்டில் இயக்கத்தின் தலைவர் வர்கீஸ் 1970 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். அது மோதல் அன்று, பிடித்து வைத்துச் சுட்டதுதான் என்பதைச் சுட்ட காவலரே 1998இல் ஒப்புக்கொண்டார், 2010இல் ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் தண்டிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கும் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கும் எதிராகத் தருமபுரி, வட ஆற்காடு மாவட்டங்களில் கிளைத்த இயக்கம், 1980இன் காவல்துறை வேட்டைக்குப் பின் எழவே இல்லை. தமிழகத்தில் அது வளராததற்குக் காவல்துறை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. சாதி இழிவையும் ஏழைகளின் கோபத்தையும் பேசி ஆட்சியைப் பிடித்த வேறோர் அரசியல் இங்கே ஏற்கெனவே களத்தில் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் எஞ்சியவர்கள் தம் தோல்விக்கு வெவ்வேறு காரணங்களைக் கண்டனர். பாதை பிரிந்தது அங்கேதான். பீகாரின் போஜ்பூரில், நிலத்தைப் போலவே தன்மானத்துக்காகவும் தலித்துகளும் பிற்பட்டோரும் மேல்சாதி நிலவுடைமையாளரோடு மோதிய களத்தில் வளர்ந்த லிபரேஷன் குழு, வினோத் மிஸ்ராவின் தலைமையில் படிப்படியாகத் தேர்தலுக்கு வந்தது. 1989இல் ஆராத் தொகுதியிலிருந்து தன் முன்னணியின் சார்பில் ஒருவரை மக்களவைக்கு அனுப்பியது. 2024இலும் அதே தொகுதியை வென்றது. நக்சல்பாரியின் வாரிசுகள் எல்லோரும் காட்டுக்குள் இருப்பதாக நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதே பீகாரில் மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையம் என்ற குழு எதிர்த்திசையில், ஆயுதப் பாதையிலேயே, நடந்தது.

தெலங்கானாவில் கொண்டபள்ளி சீதாராமையா எடுத்த முடிவே பின்னாளைய வரைபடத்தை நிர்ணயித்தது. வாரங்கலில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், சாரு மஜும்தாரின் பாதையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு, அவர் ஒதுக்கிய வெகுஜன அமைப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தார். தீவிர மாணவர் சங்கத்தின் இளைஞர்கள் 1978 கோடையில் கிராமங்களுக்குச் செல்லுங்கள் என்ற இயக்கத்தை நடத்தினர். ஊர் ஊராகப் போய்த் தொரையின் நிலம் எவ்வளவு, வெட்டி உழைப்பு எப்படி வாங்கப்படுகிறது என்று கேட்டு எழுதினர். அதே ஆண்டு செப்டம்பரில் ஜகித்யாலில் விவசாயக் கூலிகளின் பெரும் பேரணி நடந்தது. அக்டோபரில் ஜகித்யாலும் சிர்சில்லாவும் கலவரப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. தொரைகள் பலர் தங்கள் கடிகளை, அதாவது கோட்டை போன்ற வீடுகளை, பூட்டிவிட்டு நகரத்துக்குப் போனார்கள். அரை நிலப்பிரபுத்துவம் என்ற சொல்லுக்குக் கண்ணெதிரே பொருள் இருந்த இடம் இந்தியாவில் உண்டென்றால் அது அன்றைய கரீம்நகர்தான். கோட்பாடும் களமும் மிக நெருங்கி நின்ற காலம் அது.

1980 ஏப்ரல் 22 அன்று சீதாராமையாவின் தலைமையில் மக்கள் யுத்தக் குழு உருவானது. தெலங்கானாச் சமவெளியில் அடக்குமுறை வரும், வந்தால் ஒதுங்க இடம் வேண்டும் என்பதைச் சீதாராமையா அறிந்திருந்தார். ஐம்பதுகளில் சொல்லப்பட்ட, பின்தளம் இல்லை என்ற குறை மறுபடி முன்னுக்கு வந்தது. அண்டை நாட்டில் கிடைக்காத பின்தளத்தை அண்டை மாநிலத்துக் காட்டில் தேடுவது என்று முடிவாயிற்று. ஏழு சிறு குழுக்கள் வனப்பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. கோதாவரிக்கு வடக்கே மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிக்கும் பஸ்தருக்கும் சென்றவையும் அவற்றில் அடக்கம். அன்றைய பிரிக்கப்படாத பஸ்தர் மாவட்டம் ஒன்றே கேரளத்தைவிடச் சற்றுப் பெரியது. கட்சிரோலிக்குள் நுழைந்தவர்களில் ஒருவரான பெத்தி சங்கர் அதே ஆண்டு நவம்பரில் காவல்துறையின் குண்டுக்கு இறந்தார்.

வந்த இளைஞர்கள் அங்கே கண்டது அவர்களின் நூல்களில் இல்லாத ஓர் ஊர். பெருநிலக்கிழார் இல்லை, குத்தகை இல்லை, பல இடங்களில் நிரந்தர வயலே இல்லை. இருந்தது வனத்துறை. விறகு வெட்டினால், மாடு மேய்த்தால், காட்டைத் திருத்தி விதைத்தால் குற்றம் என்று சொல்லும் சட்டமும், அதைச் சொல்லிக் கோழியும் பணமும் வாங்கும் வனக் காவலரும், எடையில் ஏமாற்றும் வணிகரும் இருந்தனர். கோண்டி மொழியைக் கற்றுக்கொண்டு அவர்கள் முதலில் எடுத்தது பீடி இலை விவகாரம். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பறிக்கப்படும் தெந்து இலைக் கட்டுக்கு ஒப்பந்ததாரர்கள் கொடுத்த விலை அற்பமானது. வேலைநிறுத்தமும் மிரட்டலும் சேர்ந்து அந்த விலையை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தின. காகித ஆலைக்கு வெட்டும் மூங்கிலின் கூலியும் உயர்ந்தது. வனக் காவலர் ஊருக்குள் வருவது நின்றது. அரசு என்றால் அபராதம் என்றே அறிந்திருந்த ஒரு கிராமத்துக்கு இது சிறிய செய்தி அன்று. பின்னர் பழங்குடி விவசாயத் தொழிலாளர் சங்கமும், கட்டாயத் திருமணத்தை எதிர்த்த பெண்கள் அமைப்பும், ஜனதன சர்க்கார் எனப்பட்ட ஊர் அரசுகளும் வந்தன.

அப்படியிருந்தும் கட்சியின் ஆவணங்கள் இந்தியாவை அரை நிலப்பிரபுத்துவ நாடு என்றே தொடர்ந்து எழுதின. அந்த வரையறை மிகப் பொருந்திய தெலங்கானாவில் இயக்கம் அழிந்தது. அது மிகக் குறைவாகப் பொருந்திய பஸ்தரில் நிலைத்தது. இதற்கிடையே சமவெளியின் உறவுகளும் மாறிவிட்டன: தொரைகளின் பிள்ளைகள் ஒப்பந்ததாரர்களாகவும் அரசியல்வாதிகளாகவும் ஆனார்கள், கூலிகளின் பிள்ளைகள் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனார்கள். அந்த வெற்றியில் இயக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வெற்றி பெற்ற இடத்தில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

சுரங்கங்களே மாவோயிசத்தைப் பெற்றெடுத்தன என்று இன்று அடிக்கடி எழுதுகிறார்கள். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. பைலாடிலாவின் இரும்புத்தாதுச் சுரங்கம் அறுபதுகளின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கியது உண்மை. ஆனால் பெருநிறுவனங்களோடு சத்தீஸ்கர் அரசு புதிய உருக்காலை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது 2005இல். கெரில்லாக்கள் வந்து அதற்குள் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. நில இழப்பு பற்றிய அச்சம் இயக்கத்துக்கு இரண்டாவது மூச்சைத் தந்தது என்பதே சரி. அந்த இயக்கமே சுரங்க, சாலை, பீடி இலை ஒப்பந்ததாரர்களிடம் வரி வாங்கி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆந்திர அரசு 1989இல் கிரேஹவுண்ட்ஸ் என்ற சிறப்புப் படையை அமைத்தது. கெரில்லாக்களைப் போலவே சிறு குழுக்களாகக் காட்டில் நடந்து, உளவுத் தகவலின் பேரில் தாக்கும் அந்தப் படையும், சரணடைவோருக்கான சலுகைகளும், போலி மோதல்கள் என்று மனித உரிமை அமைப்புகள் விடாமல் குற்றஞ்சாட்டிய கொலைகளும் தெலங்கானாவில் இயக்கத்தின் முதுகெலும்பை முறித்தன. 2004 அக்டோபரில் ஹைதராபாத்தில் அரசோடு நடந்த நேரடிப் பேச்சு வார்த்தை 2005 ஜனவரியில் முறிந்தது. பின்தளமாகக் கருதப்பட்ட பஸ்தர், தலைமை தங்கும் ஒரே பெரும் தளமாக மாறியது. பேச்சு தொடங்குவதற்குச் சற்று முன், 2004 செப்டம்பர் 21 அன்று, மக்கள் யுத்தமும் பீகாரின் மாவோயிஸ்ட் மையமும் இணைந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மாவோயிஸ்ட்) உருவாகியிருந்தது. கணபதி என்ற முப்பல்ல லட்சுமண ராவ் பொதுச் செயலாளரானார். பீகார், ஜார்க்கண்டு முதல் தெலங்கானா வரை இயக்கத்தின் செல்வாக்குப் பகுதிகள் ஒரே சிவப்புத் தாழ்வாரமாக நீள்கின்றன என்ற படம் அதன் பிறகு நாளேடுகளில் அடிக்கடி வந்தது.

அடுத்த பரவலுக்கு அரசே உதவியது என்பது என் கருத்து. 2005 ஜூனில் சத்தீஸ்கர் அரசின் துணையோடு தொடங்கிய சல்வா ஜூடும், பழங்குடியினரைக் கொண்டே பழங்குடியினரை எதிர்க்கும் ஆயுத இயக்கம். அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறிச்சோடின. பல்லாயிரம் பேர் சாலையோர முகாம்களில் அடைபட்டனர், பலர் ஆந்திரக் காடுகளுக்கு ஓடினர். வீடு எரிந்த இளைஞர்களுக்கு மாவோயிஸ்டுப் படை ஒரு புகலிடமாயிற்று. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் சட்டவிரோதமென்று அறிவித்தது. அதற்குள் 2010 ஏப்ரல் 6 அன்று பஸ்தர் பகுதியின் தாட்மேட்லாவில் மாவோயிஸ்டுகளின் ஒரே தாக்குதலில் 76 காவலர்கள் கொல்லப்பட்டிருந்தனர். அந்த ஆண்டில் மட்டும் பொதுமக்களும் காவலருமாக 1,005 பேர் இறந்ததாக உள்துறைக் கணக்குச் சொல்கிறது. இறந்த பொதுமக்களில் கணிசமானோர், ஆள்காட்டி என்று குற்றஞ்சாட்டி மாவோயிஸ்டுகளே கொன்ற பழங்குடியினர் என்பதை இயக்கத்தின் ஆதரவாளர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

நீண்டகால யுத்தத்துக்கு மாவோ வகுத்த தற்காப்பு, சமநிலை, எதிர்த்தாக்குதல் என்ற மூன்று கட்டங்களில் முதல் கட்டத்தை இந்தியாவின் மக்கள் யுத்தம் தாண்டவே இல்லை. தாண்டுவதற்குச் சமவெளியும் நகரமும் வேண்டியிருந்தன. காட்டின் பாதுகாப்பைத் தேடிய ஒவ்வோர் அடியும் அவற்றிலிருந்து விலக்கியது. தலைமையில் தெலுங்கு பேசுவோரும் அணிகளில் கோண்டி பேசுவோரும் என்ற நிலை நீண்ட காலம் தொடர்ந்தது. பஸ்தரில் பிறந்த மாட்வி ஹிட்மா மத்தியக் குழுவை எட்டுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சாலைகளும் கைப்பேசிக் கோபுரங்களும் சில கிலோமீட்டருக்கு ஒரு முகாமும் காட்டை மெல்லச் சமவெளியாக்கின. 2013இல் 126ஆக இருந்த பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் 2024இல் 38 ஆயின. 2025 மே 21 அன்று, கணபதிக்குப் பின் பொதுச் செயலாளரான நம்பாலா கேசவ ராவ், தளப்பிரதேசத்தின் நடுவென்று கருதப்பட்ட அபுஜ்மாட் பகுதியிலேயே கொல்லப்பட்டார். நவம்பரில் ஹிட்மா கொல்லப்பட்டது ஆந்திரத்தில். இந்த இரண்டு சாவுகளுக்கும் இடையில், அக்டோபரில், ஆயுதப் போரைத் தொடர்வது இனி இயலாது என்று எழுதிவிட்டு, கட்சியின் மூத்த தலைவர் மல்லோஜுல வேணுகோபால் ராவ் அறுபது பேரோடு ஆயுதத்தை ஒப்படைத்தார். கட்சியில் எஞ்சியிருந்தோர் அவரைத் துரோகி என்றனர். அவர் ஆயுதத்தை வைத்த இடம் கட்சிரோலி, 1980இல் பெத்தி சங்கர் விழுந்த அதே பகுதி.